லோனையும் சீக்கிரம் முடிக்கணும், படிப்பையும் முடிக்கணும் – எதை விடுறது?

அரைத்தூக்கம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிக்கிறவன், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

வயசு 34. ஆபீஸ் வேலை. காலையில 9 மணிக்குக் கிளம்பினா வீடு திரும்ப 7 ஆயிடும். மனைவியும் வேலைக்குப் போறாங்க. ஆறு வயசுல பொண்ணு. வீட்டுக் கடன் 30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம். மாசத் தவணை 26,035. இதுவரைக்கும் 24 தவணை கட்டியாச்சு. போன வாரம் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துல 6.25 லட்சம் கட்டியிருக்கேன், அசல்ல குறைஞ்சது வெறும் 1.25 லட்சம். மீதி அஞ்சு லட்சமும் வட்டி. தெரியாத விஷயம் ஒண்ணும் இல்ல. ஆனா தாள்ல அச்சடிச்சுப் பார்க்கும்போது வயித்தைப் பிசைஞ்சுது.

அன்னிக்கே தீர்மானம் பண்ணிட்டேன், இதை 20 வருஷம் இழுக்க விடக் கூடாதுன்னு. செலவைச் சுருக்கினதுல மிஞ்சுறது படிப்புக் கட்டணத்துக்கே சரியாப் போகுது (அதைப் பத்தி கீழே சொல்றேன்). அதனால சனி, ஞாயிறுல ஒரு இடத்துல கணக்கு எழுதிக் கொடுக்குற வேலை பிடிச்சேன். மாசம் 6,000 கைக்கு வருது. போக்குவரத்துச் செலவு 1,000 போக 5,000ஐ அப்படியே லோனுக்குக் கட்டுறதா திட்டம்.

இப்போ படிப்பு. ரெண்டு வருஷப் பகுதிநேரத் தொழிற்படிப்பு. முடிச்சா இதே ஆபீஸ்ல அடுத்த படிக்குப் போக வழி இருக்கு. ராத்திரி 10ல இருந்து 1 வரைக்கும் படிக்கிறேன். படிக்கிறேன்னு பேர். போன செவ்வாய்க்கிழமை கீபோர்டு மேலேயே தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டேன். விழிச்சுப் பார்த்தா, எக்ஸெல்ல கடன் பாக்கி எழுதி வச்சிருந்த கட்டத்துல நாலு வரிக்கு 7777777ன்னு ஓடியிருக்கு. காலையில மக பார்த்துட்டு, "அப்பா, நாம இவ்வளவு தரணுமா?"ன்னு கேட்டா.

வேலை, வார இறுதி வேலை, படிப்பு, சிக்கனம், வீடு. இதுல எதை வெட்டுறது? மத்தளத்துக்காவது ரெண்டு பக்கம்தான் இடி.

---

நேர்க்கோடு

தூக்கத்தை வெட்டாதீங்க. மத்ததைப் பேசிக்கலாம்.

---

பழையகணக்கர்

தம்பி, முதலில் அந்த வயிற்றுப் பிசைவுக்கு மருந்து. வங்கி உங்களை ஏமாற்றவில்லை. அந்தந்த மாதம் நிற்கும் பாக்கிக்குத்தான் வட்டி. முதல் மாதம் 30 லட்சத்துக்கு வட்டி மட்டும் 21,250. உங்கள் 26,035இல் அது போக 4,785தான் அசலுக்குச் சேர்ந்தது. பாக்கி குறையக் குறைய வட்டி குறையும், அசலுக்குப் போவது கூடும். ஆனால் அந்தத் திருப்பம் வர நெடுநாள் ஆகும். இதே தவணையைக் கட்டிக்கொண்டு போனால் அசல் பாதியாவது 166ஆம் மாதத்தில். 20 வருடக் கடனில் ஏறக்குறைய 14 வருடம் ஓடிய பிறகு பாதி! நாற்பது வருடம் பேரேடு எழுதியவன் நான். என் சொந்தக் கடன் அட்டவணையைப் பார்த்தபோது எனக்கும் ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

இதனால்தான் முன்கூட்டிக் கட்டுவதில் காலம் முக்கியம். உங்கள் கடனையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டியிருந்தால் கடைசியில் 19 தவணைக்கு மேல் உதிர்ந்திருக்கும், வட்டியில் 4.09 லட்சம் மிச்சம். அதே ஒரு லட்சத்தை 15 வருடம் கழித்துக் கட்டினால் ஆறு தவணைகூட முழுதாகக் குறையாது. மிச்சம் 50 ஆயிரம்.

இன்று முதல் மாதம் 5,000 கூட்டினால் மீதி 216 மாதம் 152 ஆகச் சுருங்கும். ஐந்து வருடத்துக்கும் மேல் முன்னதாக விடுதலை, வட்டியில் 9.28 லட்சம் மிச்சம். ஆகவே உங்கள் ஆசையில் தவறில்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கூடுதல் தொகை கட்டும்போது "தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா" என்ற கேள்வி வரும். சில இடங்களில் கேட்காமலே தவணையைக் குறைத்துவிடுவார்கள். மாதாமாதம் கொஞ்சம் இளைப்பாறலாம், ஆனால் வட்டி மிச்சத்தின் பெரும்பகுதி போய்விடும். காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நிலையான வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

இரண்டு, மாறும் வட்டி என்றால் வட்டி ஏறும்போது தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டும் வழக்கம் உண்டு. உங்களைப் போன்ற 20 வருடக் கடனில் தொடக்கத்திலேயே 8.5 என்பது 9.5 ஆகித் தவணை மாறாமல் இருந்தால், 240 மாதம் 309 ஆகிவிடும். ஒரே ஒரு சதவீதம், ஏறக்குறைய ஆறு வருடம். சத்தமே கேட்காது. வருடம் ஒரு முறையாவது மீதி எத்தனை மாதம் என்று பாருங்கள்.

(அடமானத்தைக் குறிக்கும் மார்ட்கேஜ் என்ற சொல்லே பழைய பிரெஞ்சில் "செத்த ஈடு" என்று பொருள்படும். பேர் வைத்தவன் கட்டிப் பார்த்தவனாக இருக்க வேண்டும்.)

---

சந்தைக்காரன்

கணக்கர் சார், நீங்க சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனா பணவீக்கத்தை மறந்துட்டீங்க. 26,035 இன்னிக்குப் பெருசாத் தெரியுது. பத்து வருஷம் கழிச்சும் அதே 26,035தான், ஆனா சம்பளம் அங்கேயா நிக்கும்? நீண்ட காலக் கடன்ல பணவீக்கம் கடன்காரன் பக்கம். அந்த 5,000ஐ லோன்ல போடாம முதலீட்டுல போட்டா, 8.5க்கு மேல வந்தா லாபம்தானே?

---

பழையகணக்கர்

வந்தால் லாபம்தான். அந்த "வந்தால்" என்ற சொல்லில்தான் என் கேள்வி. முதலீட்டில் 8.5க்கு மேல் வர வேண்டும், அதற்கு வரி போக வர வேண்டும், நடுவில் சந்தை சரியும்போது பயந்து விற்காமல் இருக்க வேண்டும். கடனில் கட்டும் பணத்துக்கு 8.5 நிச்சயம், பங்குச் சந்தையின் மனநிலையைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும்போது அந்த நிச்சயத்துக்கும் ஒரு எடை கொடுங்கள்.

---

நேர்க்கோடு

"லோன்ல போடாம முதலீட்டுல போடுவேன்"னு சொன்ன ஆளுங்க எனக்குத் தெரிஞ்சு நாலு பேர். மூணு பேர் போன் மாத்தினாங்க.

---

சந்தைக்காரன்

நாலாவது ஆள் நான்தான் :) ஒழுங்கா போட்டேன். ஆனா ஒத்துக்கிறேன், எனக்கு அப்போ கல்யாணம் ஆகல, படிப்பும் இல்ல.

---

கைசுட்டவள்

இழை லோன், முதலீடுன்னே போகுது. நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன், ஏன்னா இது என் தலையில விழுந்தது.

நானும் கணவரும் மூணு வருஷம் வெறியா அடைச்சோம். போனஸ், ஓவர்டைம், பழைய வண்டி வித்த காசு, எல்லாம் லோனுக்கு. சேமிப்புக் கணக்குல ஒரு மாசச் செலவுக்குக் கூட வைக்கல. "சும்மா கிடக்குற காசுக்கு என்ன வட்டி வருது, லோன்ல போடு"ங்கிறதுதான் எங்க வீட்டு மந்திரம். நாலாவது வருஷம் எனக்கு வேலை போச்சு. கம்பெனி ஒரு பிரிவையே மூடிட்டாங்க.

அப்போ நான் நினைச்சேன், இவ்வளவு முன்கூட்டிக் கட்டியிருக்கோமே, நாலஞ்சு மாசம் தவணையை நிறுத்திக்கச் சொன்னா விடுவாங்கன்னு. பேங்க்ல இருந்தவர் மரியாதையாத்தான் சொன்னார்: "மேடம், நீங்க கட்டினது அசல்ல கழிஞ்சுடுச்சு. இந்த மாசத் தவணை தனி." முன்கூட்டிக் கட்டின பணம் வரப்போற தவணைக்கு ஈடு ஆகாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. திரும்பக் கொடுங்கன்னா புதுசா கடன் விண்ணப்பம் போடணும். வேலை இல்லாதவளுக்கு எவன் கொடுப்பான்?

வீட்டுச் சுவரைப் பேர்த்து ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாதுங்க.

அஞ்சு மாசம் கிரெடிட் கார்டுல ஓட்டினோம். மாசம் 3 சதவீதம். 36 தானேன்னு நினைக்காதீங்க, வட்டிக்கு வட்டி ஏறி வருஷத்துக்கு 42க்கு மேல போகும். 8.5 வட்டியை அடைக்க ஓடி, 42 வட்டியில போய் விழுந்தோம். அதுல இருந்து வெளியே வர ரெண்டு வருஷம் ஆச்சு.

அரைத்தூக்கம், உங்க பதிவுல கைப்பணம் பத்தி ஒரு வரி கூட இல்லையே? எவ்வளவு வச்சிருக்கீங்க?

---

அரைத்தூக்கம்

அக்கா, உண்மையைச் சொல்லிடுறேன். 40 ஆயிரம். வீட்டுச் செலவும் தவணையும் சேர்த்தா ஒரு மாசம் கூட தாங்காது. நீங்க எழுதினதை மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, எழுந்து போய் கதவு பூட்டியிருக்கான்னு பார்த்துட்டு வந்தாங்க.

---

நத்தைவேகம்

எங்களோடது 15 வருஷக் கடன், 11ல முடிஞ்சுது. அதனால சிக்கனத்தைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

முதல் ரெண்டு வருஷம் நாங்க பண்ணது சிக்கனமே இல்ல, தண்டனை. ஒரு நோட்டு. தினமும் ராத்திரி அன்னிக்குச் செலவு முழுக்க எழுதணும். பேனா வாங்கினாலும் எழுதணும். எழுதுறதோட விட்டாப் பரவாயில்ல, "இது எதுக்கு?"ன்னு ஒரு விசாரணை நடக்கும். பதினெட்டாவது மாசம் நோட்டு அவர் கையெழுத்துல பாதி, என் கையெழுத்துல பாதி, நடுவுல ஒரு பக்கம் கிழிச்சிருந்தது. அது எந்த நாள்னு ரெண்டு பேருக்குமே ஞாபகம் இருக்கு. ஒருநாள் அவர் யார்கிட்டயும் சொல்லாம ஒரு பெரிய டிவி வாங்கிட்டு வந்தார். அது தேவைக்கு வாங்கினது இல்ல, கோபத்துக்கு வாங்கினது. எட்டு மாசச் சிக்கனம் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் புரிஞ்சுது. தினமும் முடிவெடுக்க வேண்டிய சிக்கனம் ஆளைத் தின்னும். ஒரு தடவை முடிவெடுத்துட்டு மறந்துடுற சிக்கனம்தான் நிக்கும். ரெண்டாவது வண்டியை வித்தோம், அது ஒரே ஒரு நாள் வருத்தம், அப்புறம் மாசாமாசம் எரிபொருள், பழுது, காப்பீடு எல்லாம் மிச்சம். பார்க்காத சந்தாக்களை நிறுத்தினோம். இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது நாலு இடத்துல விலை கேட்டோம். சம்பளம் வந்த மறுநாளே கூடுதல் தொகை தானா லோன் கணக்குக்குப் போற மாதிரி வச்சோம். அதுக்கு மேல மிஞ்சினது எங்க காசு, கணக்கு கேட்கிறதில்ல. நோட்டைத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு.

இன்னொண்ணு, இது யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த ரெண்டு வருஷத்துல நண்பர்கள் எங்களைக் கூப்பிடுறதையே நிறுத்திட்டாங்க. எங்க வந்தாலும் இவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்னு. லோன் முடிஞ்சது, போன நண்பர்கள்ல பாதிப் பேர் திரும்பல.

---

இரவுமாணவி

நான் நர்ஸ். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கிட்டே மேல்படிப்பு முடிச்சேன். அண்ணா எழுதின "10ல இருந்து 1 வரைக்கும்" படிச்சதும் சிரிப்பு வரல, பயம் வந்துச்சு.

என் கதை: கடைசித் தாளுக்கு முன்னாடி மூணு மாசம் ஓவர்டைம் எடுத்தேன், லோன்ல ஒரு தொகை அடைக்கலாம்னு. மூணு மார்க்ல போச்சு. மறுதேர்வுக் கட்டணம், ஆறு மாசத் தாமதம், அந்த ஆறு மாசமும் பழைய சம்பளம். ஓவர்டைம்ல வந்தது இதுல எங்க கரைஞ்சதுன்னே தெரியல.

படிப்பும் லோனும் எதிர் எதிர் குணம். லோன்ல எவ்வளவு முன்னாடி, எவ்வளவு மொத்தமா கொட்டுறோமோ அவ்வளவு லாபம். படிப்புல மொத்தமா கொட்டினா நஷ்டம். எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லேயே தன் மேலேயே சோதனை பண்ணி எழுதியிருக்கார். அர்த்தமில்லாத 12 அசைகளை ஒரே மூச்சுல 68 தடவை சொல்லிப் பார்த்ததும், மூணு நாளா பிரிச்சு 38 தடவை சொன்னதும் ஞாபகத்துல ஒரே அளவுக்குத்தான் நின்னுச்சாம். அதாவது பிரிச்சுப் படிச்சா ஏறக்குறைய பாதி உழைப்பு. சிக்கனம்னா இதுதான் சிக்கனம், இதுக்குக் காசும் வேண்டாம்.

நான் மறுதேர்வுக்குப் படிச்ச முறை: ராத்திரி உட்காரவே இல்ல. காலையில 40 நிமிஷம், போற வழியில 20 நிமிஷம், இடைவேளையில பத்து. நேத்துப் படிச்சதைப் புத்தகத்தைப் பார்க்காம எழுதிப் பார்க்கிறது, அவ்வளவுதான். முதல் வாரம் ஒண்ணுமே வராது, வெறும் தாள் முகத்துல அடிக்கும். அந்த எரிச்சலைத் தாண்டிட்டா அப்புறம் சுலபம். அரைத் தூக்கத்துல மூணு மணி நேரம் படிக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

அந்த வார இறுதி வேலை மணிக்கு எவ்வளவு வருதுன்னு கணக்குப் போட்டீங்களா அண்ணா?

---

அரைத்தூக்கம்

இன்னிக்குதான் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

மாசம் எட்டு நாள். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேர வேலை, போக வர ரெண்டு மணி. 56 மணி நேரம். போக்குவரத்து போக 5,000. மணிக்கு 89. ஆபீஸ்ல எனக்கு மணிக்கு 270க்கு மேல விழுது. அதாவது ஆபீஸ் சம்பளத்தை உயர்த்தப் போற படிப்பை விட்டுட்டு, அதுல மூணுல ஒரு பங்கு கூலிக்கு ஓடுறேன்.

ஆனா விட மனசு வரல. கணக்கர் ஐயா போட்ட 9.28 லட்சம் கண்ணுக்குள்ளேயே நிக்குது. ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டா எவ்வளவு போகும்?

---

பழையகணக்கர்

போட்டுப் பார்த்தேன் தம்பி.

படிப்பு முடியும்வரை இரண்டு வருடம் வெறும் தவணை மட்டும் கட்டி, அதன்பின் 5,000 கூட்டினால், இன்றிலிருந்து 163 மாதத்தில் முடியும். இப்போதே தொடங்கினால் 152. பதினோரு மாதத் தாமதம், வட்டியில் 2.13 லட்சம் கூடுதல். அதுதான் அந்த இரண்டு வருடங்களின் விலை.

படிப்பு முடிந்து சம்பளம் உயர்ந்து, 5,000க்குப் பதில் 12,000 கட்ட முடிந்தால் 125 மாதம். இன்றே தொடங்கும் திட்டத்தை விட இரண்டு வருடத்துக்கும் மேல் முன்னதாக முடியும், வட்டியும் சுமார் இரண்டரை லட்சம் குறையும்.

12,000 பேராசை என்பீர்கள். சரி, எவ்வளவு கட்டினால் இரண்டு திட்டமும் சமமாகும் என்று பார்த்தேன். 6,560. இரண்டு வருடம் கழித்து 6,560 கூடுதலாகக் கட்டத் தொடங்கினாலே, இன்றைக்கு 5,000 கட்டத் தொடங்குபவர் முடிக்கும் அதே மாதத்தில் நீங்களும் முடிப்பீர்கள். இந்த எண் எனக்கே வியப்பு, இரண்டு முறை சரிபார்த்தேன்.

---

சந்தைக்காரன்

சம்பளம் உயரலன்னா?

நான் குறை சொல்றதுக்குக் கேட்கல. "படிச்சா உயரும்"னு எல்லோரும் சொல்றோம், பேப்பர்ல எழுதிக் கொடுத்தது யாரு? இன்னொரு ஆபத்தும் இருக்கு. உயர்ந்தா செலவும் கூடவே உயரும். அந்த 6,560 லோன் பக்கம் போகாமலேயே போயிடும்.

---

அரைத்தூக்கம்

நியாயமான கேள்வி. எங்க ஆபீஸ்ல எனக்கு முன்னாடி மூணு பேர் இதே படிப்பை முடிச்சாங்க. ரெண்டு பேருக்குப் பதவி கிடைச்சது, ஒருத்தருக்குக் கிடைக்கல. அவர் ஒரு வருஷம் பார்த்துட்டு வேற இடம் போனார், அங்கே கிடைச்சது. இதைத் தவிர என்கிட்ட உத்தரவாதம் எதுவும் இல்ல.

---

நத்தைவேகம்

உயராமப் போனா, அப்போ அந்த சனிக்கிழமை வேலையைத் திரும்ப எடுத்துக்கட்டுமே. அது எங்கேயும் ஓடிப் போகாது. பரீட்சைத் தேதிதான் ஓடிப் போகும்.

அரைத்தூக்கம் தம்பிக்கு ஒரு யோசனை. முழுசா நிறுத்த மனசு வரலன்னா, தவணையை முழு எண்ணாக்குங்க. 26,035ஐ 27,000 ஆக்குங்க. கூடுறது 965தான். பழக்கம் விட்டுப் போகாது, மனசும் ஆறும். கணக்கர் ஐயா, இதுக்கு எவ்வளவு குறையும்?

---

பழையகணக்கர்

216 என்பது 199 ஆகும், அம்மா. 965க்கு 17 மாதம். நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை.

---

கைசுட்டவள்

965 போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுக்கு மேல மிஞ்சுற ஒவ்வொரு காசும் முதல்ல தனிக் கணக்குக்குப் போகட்டும். மூணு மாசத் தவணை, மூணு மாச வீட்டுச் செலவு. அது நிறையுற வரைக்கும் லோனுக்குப் பெரிய தொகை எதுவும் வேண்டாம். சில பேங்க்ல சேமிப்புக் கணக்கை லோனோட இணைச்சு வைக்கிற வசதி இருக்கு. அதுல கிடக்கிற பணத்தைப் பாக்கியில கழிச்சுட்டு மீதிக்கு மட்டும் வட்டி போடுவாங்க, வேணும்னா எடுத்துக்கவும் செய்யலாம். அதுக்குத் தனி வட்டி விகிதம் இருந்தா எது லாபம்னு பார்த்துக்குங்க. இது எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா இந்தப் பேரை வச்சிருக்க மாட்டேன்.

---

அரைத்தூக்கம் (ஒன்பது மாதம் கழித்து)

இழையைத் தூசி தட்டுறேன். கேட்டவங்களுக்கு மன்னிப்பு, பதில் சொல்ல இவ்வளவு நாள் ஆச்சு.

வார இறுதி வேலையை அந்த மாசமே விட்டேன். முதல் சனிக்கிழமை வீட்டுல என்ன பண்றதுன்னே தெரியல. மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கினேன். குற்ற உணர்ச்சியோட தூங்கினேன்.

படிப்பை இரவுமாணவி சொன்ன மாதிரி காலைக்கு மாத்தினேன். 5:20க்கு எழுந்து 6:10 வரைக்கும். புத்தகத்தை மூடி வச்சுட்டு எழுதிப் பார்க்கிறது முதல் பத்து நாள் அவமானமா இருந்துச்சு, நேத்துப் படிச்சதுல நாலு வரி தேறாது. மூணு தாள் எழுதினேன். ரெண்டு பாஸ். ஒண்ணு போச்சு. அந்தத் தாளுக்குப் பத்து நாள் முன்னாடி மகளுக்குக் காய்ச்சல், அதையும் சொல்லலாம். ஆனா உண்மை, அந்தப் பாடத்தை நான் கடைசி வரைக்கும் ஒத்திப் போட்டுக்கிட்டே வந்தேன்.

கைப்பணம் 40 ஆயிரத்துல இருந்து ரெண்டு மாசச் செலவு அளவுக்கு வந்திருக்கு. மூணு, நாலுன்னு போகணும்.

இப்போ 965 கதை. 27,000 கட்ட ஆரம்பிச்சு நாலு மாசம் கழிச்சு ஸ்டேட்மென்ட் எடுத்தா, பாக்கி அட்டவணைப்படி குறையுது, அதுக்கு மேல ஒரு காசு குறையல. விசாரிச்சா, கூடுதல் தொகையை "அடுத்த தவணைக்கு முன்பணம்"னு தனியா ஒதுக்கி வச்சிருக்காங்க. 3,860 சும்மா உட்கார்ந்திருக்கு, வட்டியும் இல்ல, அசல்லயும் கழியல. ரெண்டு தடவை நேர்ல போனேன், "சிஸ்டம் அப்படித்தான்"னாங்க. மூணாவது தடவை எழுதிக் கொண்டு போனேன், நகல்ல முத்திரை வாங்கினேன். அடுத்த மாசம் சரியாச்சு.

---

சந்தைக்காரன்

கடிதத்துல என்ன எழுதினீங்க? எனக்கும் இதே மாதிரி இருக்குமோன்னு சந்தேகம் வந்துடுச்சு.

---

அரைத்தூக்கம்

ரெண்டே வரி. "மாதத் தவணைக்கு மேல் நான் செலுத்தும் தொகையைச் செலுத்திய தேதியிலேயே அசலில் வரவு வைக்கவும். தவணைத் தொகையை மாற்றாமல், கடன் காலத்தைக் குறைத்து, திருத்திய அட்டவணையைத் தரவும்." கீழே கடன் எண், தேதி. இதுவரைக்கும் ஒதுக்கி வச்ச தொகை எவ்வளவுன்னும் குறிப்பிட்டேன்.

---

பழையகணக்கர்

"செலுத்திய தேதியிலேயே" என்ற சொல் முக்கியம். சில கடன்களில் மாதக் கடைசியில்தான் வரவு வைப்பார்கள், பழைய ஒப்பந்தங்களில் வருடக் கடைசியில் அசலைக் கழிக்கும் முறையும் உண்டு. அப்படி இருந்தால் கூடுதல் தொகையை எந்தத் தேதியில் கட்டுகிறோம் என்பதைப் பார்த்துக் கட்ட வேண்டும். திருத்திய அட்டவணை வந்ததா தம்பி?

---

அரைத்தூக்கம்

வந்துச்சு ஐயா. கடைசித் தவணைத் தேதி ஒரு வருஷத்துக்கும் மேல முன்னால நகர்ந்திருக்கு. மனைவி அதைக் கேலண்டர் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க.

---

இரவுமாணவி

ரெண்டு தாளுக்கும் வாழ்த்துகள் அண்ணா. மறுதேர்வு எப்போ? அந்த ஏழு ஏழா ஓடின எக்ஸெல் வரிகளை அழிச்சாச்சா?

---

அரைத்தூக்கம்

மக அழிக்க விடல. அவளுக்குன்னு தனி ஷீட் போட்டுக் கொடுத்திருக்கேன், அதுல அவ தினமும் ஒரு ஏழைக் குறைக்கிறா. அந்தக் கடன் என்னோடதை விட சீக்கிரம் முடிஞ்சுடும் போல.

மறுதேர்வு அடுத்த மாசம் 11ஆம் தேதி. அதுவரைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல என்னை இங்கே பார்த்தா விரட்டி விடுங்க.

---

நேர்க்கோடு

மணி 10:40.